மீன் குளம்புப் பாட்டுக்கு உரிமைக்காரர் யார்?

சிவமயம்

துணுக்காய்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் சுஜிதனுக்கு,

மாமா வீரகத்தி எழுதிக்கொள்வது. பிள்ளையார் துணையால் நீரும் உமது கொழும்புக் கந்தோரும் அங்கே வருகிற வழக்குகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே மாடுகள் சுகம், நெல்லும் பரவாயில்லை, உமது மாமி ஜெகதீஸ்வரி மிகவும் சுகம். நான்தான் சுகமில்லை. இந்தக் காலத்திலும் மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் மாமி சமையல் வீடியோ எடுக்கிற போன். அதில் உமக்கு நான் ஒரு சொல் அனுப்பினாலும் மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டே வாசித்துவிடுவார். நீர் சட்டம் படித்தவர் என்பதால் கேட்கிறேன்: ஒரு பாட்டுக்காக ஆளைப் பிடித்து உள்ளே போடுவார்களா?

மாமி யூடியூப்பில் சமைப்பது உமக்குத் தெரியும். தொடக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் நானும், கனடாவில் இருக்கிற அவருடைய தங்கையும்தான். பாட்டு ஒன்று சேர்த்தால் சனம் வரும் என்று சொன்னார்கள். சினிமாப் பாட்டில் கைவைத்தால் உரிமைப் பிரச்சினை வரும் என்பது எனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன், அடுத்தவன் சாமானை எடுப்பேனா? ஆகவே ஏஐ செயலி ஒன்றை இலவசமாக இறக்கி, நானே வரி எழுதிக் கொடுத்தேன். "முல்லைத்தீவு மீனெடுத்து மூட்டி வைச்ச குழம்பு, மூக்கு வரை வாசம் வந்தால் மூட்டை கட்டிக் கிளம்பு." எதுகைக்காகத்தான் 'வெளிக்கிடு' என்று போடாமல் 'கிளம்பு' என்று போட்டேன். செயலி மூச்சு விடுவதற்குள் மேளம், நாதஸ்வரத்தோடு பாடித் தந்தது. அருமையான பெண் குரல். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ழகரம் வராது. "மீன் குளம்பு, மீன் குளம்பு" என்று உருகி உருகிப் பாடியது. மாட்டுக்குக் குளம்பு உண்டு, மீனுக்கு ஏது? நான் வெட்கப்பட்டுக்கொண்டுதான் போட்டேன். சனம் அதற்காகவே விழுந்து விழுந்து பார்த்தது. "அன்ரி, மீன் குளம்பு எந்தச் சந்தையில வாங்கலாம்?" என்று கேட்டுக் கேட்டே சனல் வளர்ந்துவிட்டது.

போன மாதம் சனலுக்கு விளம்பரம் போட்டுக் காசு உழைக்க அனுமதி கிடைத்தது. மாமி கிளிநொச்சிச் சந்தைக்குப் போன அன்று, முன்பின் தெரியாத ஒரு பெண் கையைப் பிடித்து, "நீங்கள் மீன் குளம்பு அக்காவெல்லே?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த மாமி கதிரையில் இருந்துகொண்டு என்னைப் பார்த்து, "இவ்வளவு காலமும் நான் வீரகத்தியரின்ர மனிசி. இனி நீங்கள்தான் ஜெகதீஸ்வரியின்ர மனிசன், விளங்குதோ?" என்றார். அப்படி அவர் சிரித்து நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கவில்லை, சுஜிதன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்புதான் எனக்கு அந்தச் செயலியின் நிபந்தனைகளை வாசிக்கிற புத்தி வந்தது. சுற்றுநிருபம் வாசித்துப் பழகிய கண், விடாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், இலவசக் கணக்கில் செய்த பாட்டைப் பொழுதுபோக்குக்குப் பாவிக்கலாம், காசு உழைக்கப் பாவிக்கக் கூடாதாம். பிறகு பணம் கட்டிச் சேர்ந்தாலும் முன்பு செய்த பாட்டுக்கு அந்த அனுமதி செல்லாதாம்.

அதோடு விட்டதா? அடுத்த நாளே ஒரு மின்னஞ்சல். எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கிற ஒருவர் எங்கள் பாட்டைத் தன்னுடையது என்று பதிந்து வைத்திருக்கிறாராம். ஆட்சேபனை இருந்தால் உரிமை எனக்குத்தான் என்று நான் உறுதி சொல்ல வேண்டுமாம். எப்படிச் சொல்வது? வரி என்னுடையது, குரல் மெசினுடையது, அனுமதி ஒருவருடையதும் இல்லை. மெசின் செய்த இசைக்கு உரிமைக்காரரே கிடையாது என்று சில நாட்டில் சொல்கிறார்களாம். அப்படியென்றால் உரிமைக்காரர் இல்லாத பாட்டை நான் யாரிடமிருந்து களவெடுத்தேன்? இதை யோசித்து யோசித்துச் சாப்பாடு இறங்கவில்லை. மின்னஞ்சல் பெட்டியை அதன்பிறகு நான் திறக்கவுமில்லை.

இந்த நேரம் பார்த்து, முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற சுடலைமுத்து, எங்கள் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தான். வியாபாரத்துக்குப் பாவனை! பட்டப்பகலில்! நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். "நிப்பாட்டு, சுடலைமுத்து! உதைப் போடாதை!" அவன் நிறுத்திவிட்டு, "ஏங்கய்யா, இதைப் போட்டாத்தான சனம் வெளிய வருது. அம்மாவுக்கும் விளம்பரம்தானே?" என்றான். விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டதும் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிவரப் பார்த்தேன். அவன் வாயை மூட வேறு வழி தெரியாமல் பெட்டியில் இருந்த சூடை மீன் முழுவதையும் வாங்கிவிட்டேன். மாமி படலையில் நின்று, "இஞ்சேருங்கோ, ஆருக்குச் சாவீடு? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டார். மீன் மலிவு என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வீடியோக்களில் பாட்டை மட்டும் அழிக்கப் பார்த்தேன். பாட்டோடு மாமியின் குரலும் அழிந்துவிட்டது. இப்போது நண்டுக்கறி வீடியோவில் மாமி வாயை அசைக்கிறார், கையை ஆட்டுகிறார், ஒரு சத்தமும் இல்லை. உப்பு எவ்வளவு என்று சனம் கேட்கிறது. பயத்தில் மற்ற வீடியோக்களை நான் தொடவில்லை. அதைச் சரிக்கட்ட, சந்தியில் போன் கடை வைத்திருக்கிற கொமினிகேஷன்காரரைப் பிடித்து, அவருடைய கார்ட்டால் பணம் கட்டிச் சேர்ந்து, உரிமையோடு புதுப் பாட்டுச் செய்து அடுத்த வீடியோவில் போட்டேன். இந்த முறை மெசின் "குழம்பு" என்று தெளிவாக, தமிழ் வாத்தியார் மாதிரிப் பாடியது. எனக்குக் கண் கலங்கியது. சனம் ஏசுகிறது! "எங்கட குளம்பு எங்கை?" "அன்ரி மாறிட்டா." மாமி வாசித்துவிட்டு வாடிப்போய், "நான் என்ன பிழை விட்டனான்?" என்று என்னிடம் கேட்கிறார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஆகவே மருமகன், இவற்றை எனக்குத் தெளிவுபடுத்த வேண்டும். என்னைப் பிடிப்பார்களா, இல்லை சனல் மாமியின் பெயரில் இருப்பதால் அவரையா? எங்களுடையது குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோடு தந்த பெமிற் காணி, பாட்டுப் பிழைக்குப் பெமிற்றை இரத்துச் செய்ய இடமுண்டா? அந்த ழகரம் வராத பாட்டை முறையாக வாங்க ஏதாவது வழி உண்டா? மாமிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். அவருடைய சிரிப்பு என்னால் போனது என்று இருக்கக் கூடாது.

உமக்கு நீண்ட ஆயுளும், தோற்காத வழக்குகளும், கெதியில் ஒரு நல்ல கலியாணமும் அமைய வேண்டும் என்று பிள்ளையாரை மன்றாடி, முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நித்திரை இல்லாத மாமா,
க. வீரகத்தி

பி.கு.: முத்திரை தேடிவிட்டுத் திரும்பிவர, மாமி இந்தக் கடிதத்தை நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்து, "விசர் மனிசன்! அனுமதி வந்ததுதான், நான் இன்னும் விளம்பரம் போடேல்லை. என்ர கறிக்கு நடுவில வேற ஆளின்ர மிளகாய்த்தூளைக் காட்டுவாங்கள், எனக்கு விருப்பமில்லை" என்றார். ஆக, உழைப்பே இல்லை, வெறும் பொழுதுபோக்குத்தான், இலவச அனுமதியே போதும்! மின்னஞ்சலையும் அவரே திறந்தார். அந்த வெளிநாட்டுக்காரர் போன கிழமையே உரிமைக் கோரிக்கையை மீளப் பெற்றுவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோசத்தில், "விளம்பரம் போடுற பொத்தான் எதப்பா, இதுவோ?" என்று தொட்டுக் காட்டினேன். பொத்தான் அமுங்கிவிட்டது. எல்லா வீடியோவுக்கும் விளம்பரம் போட்டாயிற்றாம். மாமி கோபத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஆகவே தயவுசெய்து மேலே உள்ளதை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசியும், சுஜிதன். நான் எழுதும்போது என் குற்றம் பொய், இப்போது அது உண்மை.