ஆறு கம்பிக்கு ஓர் ஆடு

மின்சார கிட்டார் வாங்க உலகத்தார் கண்டுபிடித்த முறைகளிலேயே தலைசிறந்தது, ஆட்டின் எலும்பு வரிசைப்படி வாங்குவதுதான். இந்த அரிய முறையை மனிதகுலத்துக்கு வழங்கிய பெருமை பிஷ்கெக் நகரத்துச் சாத்திபால்தி குடும்பத்துக்கே உரியது. செலவு மட்டும் அந்தக் குடும்பத்தின் மருமகள் குல்ஸாத்துடையது.

குல்ஸாத் நகரப் பேருந்து ஓட்டுபவள். அவளுடைய பணிமனையில் மூன்று பெண் ஓட்டுநர்கள் சேர்ந்து இசைக்குழு தொடங்கியிருந்தார்கள். நோரூஸ் பண்டிகையன்று பணிமனை மேடையில் முதல் கச்சேரி. ஒருத்தி பாட, ஒருத்தி டிரம்ஸ் அடிக்க, கிட்டார் குல்ஸாத் பொறுப்பு. ஒன்றரை வருடம் இரவல் கிட்டாரில் விரல் தேய்த்தவள், சொந்தமாக ஒன்று வாங்க இருபத்தாறாயிரம் சோம் சேர்த்துவிட்டாள். கண்டெய்னர் பஜாரில் விசாரித்ததில் கிட்டார் பதினாலாயிரம், சின்ன ஆம்ப்ளிஃபயர் பன்னிரண்டாயிரம். கூட்டிப் பார்த்தால் கச்சிதம். அரை மணி நேர வேலை.

இந்த இடத்தில்தான் அவள் தவறு செய்தாள். மாமியாரிடம் சொன்னாள்.

இவ்வளவு பெரிய பொருளைப் பெரியவர்களின் ஆசி இல்லாமல் வாங்குவதா? வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? மாமியார் அன்றே பதினோரு பேரை "ஒரு வாய் தேநீருக்கு" அழைத்துவிட்டார். ஒரு வாய் தேநீர் என்றால் ஒரு முழு ஆடு. யார் காரியத்துக்குக் கூட்டமோ, ஆடும் அவர்களுடையது. ஆட்டின் விலை பன்னிரண்டாயிரம்.

ஆடு வெந்தது. அவை கூடியது. எலும்புகள் முறைப்படி வழங்கப்பட்டன. இடுப்பெலும்பு பெற்றவர் தலைமை வகிப்பார், தொடையெலும்புக்காரர் வழிமொழிவார். எலும்பே கிடைக்காதவர்களுக்குக் கருத்தும் கிடையாது. இதைவிட ஒழுங்கான நாடாளுமன்றம் எந்த நாட்டிலும் இல்லை.

இடுப்பெலும்பு, மாமனாரின் அண்ணன் தோக்தோசுன் கையில் இருந்தது. நீர்ப்பாசனத் துறையில் முப்பது வருடம் மதகு திறந்து மூடியவர். மஜ்ஜையை உறிஞ்சி முடித்துவிட்டுத் தலைமையுரை ஆற்றினார்.

"நம்ம கொமூசு வாத்தியத்துக்கு எத்தன கம்பி?"

"மூணு," என்றது அவை.

"இதுக்கு?"

"ஆறு, பெரிய மாமா," என்றாள் குல்ஸாத்.

"புதுசா கத்துக்கிற பொண்ணுக்கு ஆறு எதுக்கும்மா? மூணு போதும். பாதி விலைக்குக் கேளு."

அவை மெய்சிலிர்த்தது. அடுத்து வால்பக்கத்து எலும்பு பெற்ற அத்தை ஸய்ராகுல், சிவப்பு நிறம் கண்ணேறு படும் என்று எச்சரித்தார். தொடையெலும்புக்காரரான கொழுந்தன் மூன்று வீடியோ பார்த்திருந்ததால் "நிபுணர்" பதவி வகித்தார். நூறு வாட்டுக்குக் குறைந்த ஆம்ப்ளிஃபயர் குடும்பத்துக்கே தலைகுனிவு என்றும், அது அலமாரி அளவு இருக்கவேண்டும் என்றும், அப்போதுதான் மேலே துணிமணி வைக்கலாம் என்றும் விளக்கினார்.

அந்த அறையில் கிட்டார் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பள்ளியில் இசை சொல்லித்தரும் சின்ன மருமகள் ஐகானிஷ். அவளுக்கு எலும்பு இல்லை. கையில் தேநீர்க் கெண்டிதான் இருந்தது. குல்ஸாத்தின் கிண்ணத்தில் ஊற்றும்போது காதோரம் சொன்னாள். "அக்கா, கிட்டாரத் தூக்கி அதோட கழுத்து நேரா இருக்கான்னு ஒரு கண்ண மூடிப் பாருங்க. ஆம்ப்ளிஃபயர் பத்து வாட்டு போதும். ஆனா அது இல்லாம வாங்காதீங்க, சத்தமே வராது, வெறும் கட்டைதான்."

மறுநாள் பஜாருக்குப் பதினோரு பேரும் கூடவே வந்தார்கள், பை சுமக்க ஐகானிஷும். கடைக்காரன் அப்துமாலிக், வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். மூன்று கம்பி, பாதி விலை என்ற கோரிக்கையைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. தோக்தோசுனைப் பார்த்து, பெரியவருக்குரிய மரியாதையோடு தலையசைத்தான்.

"நியாயம் அக்சக்கால். மூணு கம்பியக் கழட்டிர்றேன். கம்பிக்கு அறுபது சோம் தள்ளிக்கிறேன்."

"எழுபது."

"அறுபத்தஞ்சுன்னா என் பிள்ளைங்க பட்டினி."

அறுபதுக்கே முடிந்தது. கம்பிகள் கழற்றப்பட்டன. நூற்றெண்பது சோம் மிச்சம். கைகளை முகத்தில் தடவி அங்கேயே ஆசி வழங்கினார்கள். மிச்சப் பணத்தில், வெற்றியைக் கொண்டாடப் பெரியவர்கள் மூவருக்கு மூன்று சம்சா வாங்கப்பட்டது. இந்த மகிழ்ச்சி ஆரவாரத்தில், கீழே விழுந்த மூன்று கம்பிகளையும் ஐகானிஷ் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

"ஆம்ப்ளிஃபயர்?" என்றாள் குல்ஸாத்.

கையில் காசு இல்லை. அவை நின்றபடியே ஆலோசித்து, அந்தப் பொருளை "இரண்டாம் கட்டத்துக்கு" ஒத்திவைத்தது. கிட்டாரோடு ஒரு வயர் இலவசம் என்று அப்துமாலிக் நீட்டினான். தோக்தோசுன் அதைத் தன் பேரத்தின் பலனாக ஏற்றுக்கொண்டார்.

நோரூஸ் வந்தது. பணிமனை முற்றத்தில் நானூறு பேர். முன்வரிசையில் பதினோரு பேரும், எலும்பு வரிசைப்படியே. ஐகானிஷ் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கிய மூன்று கம்பியையும் திரும்ப மாட்டி, ஆறுக்கும் சுருதி கூட்டியிருந்தாள். டிரம்ஸ் இடித்தது. பாட்டுக்காரி முழங்கினாள். குல்ஸாத் ஒன்றரை வருடத்து விரல்வித்தை முழுவதையும் இறக்கினாள். கொசு முனகினால்கூட அதைவிடக் கேட்டிருக்கும்.

முதல் பாட்டு முடிந்ததும் தோக்தோசுன் எழுந்தார். குடும்ப மானம் அவர் தோளில்.

"மருமகளே, நல்லாத்தான் ஆட்டுற. ஆனா சத்தமே வரலியேம்மா. கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

குல்ஸாத் பதினைந்து வருடமாகப் பெரியவர்கள் முன்னால் குனிந்தே நின்றவள். இப்போதும் முறை தவறவில்லை. இடுப்பை வளைத்து மூன்று முறை வணங்கினாள். பிறகு வயரின் ஒரு முனை கிட்டாரில் இருக்க, மறுமுனையைக் கையில் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசைக்கு நேராக வந்தாள்.

"அவன் ஏமாத்தல பெரிய மாமா. ஆம்ப்ளிஃபயர் உங்க பதினோரு பேர் வயித்துலதான் இருக்கு. கொஞ்சம் சட்டையத் தூக்குங்க, இத எங்க சொருகுறதுன்னு பாக்கறேன்."