கூட்டுக்குடும்பக் கும்பிடுபூச்சிகள்

ஒரு காட்டில், ஓணான்கூட செல்போனும் கையுமாகத் திரிய ஆரம்பித்துவிட்ட காலத்தில், வடிவழகி என்றொரு முயல் இருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு புதராகத் தனிக்குடித்தனம் போய்விட்ட வருத்தம் அவளுக்கு. மனசு ஆற, ஐந்து கும்பிடுபூச்சிகளை வாங்கிவந்து ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்த்தாள்.

பக்கத்து வளை முள்ளம்பன்றி ராயப்பன் எட்டிப்பார்த்துப் பதறினார். "தாயி, இதுங்களைத் தனித்தனி டப்பாவிலதான் வைக்கணும். பசிச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"போங்கண்ணே! எந்நேரமும் கும்பிட்ட கையோட இருக்குதுங்க. இதுங்களைப் பிரிச்சா பாவம் சும்மா விடுமா?"

பூச்சிகளில் பெரியவள் பூங்கோதை. கடைக்குட்டி குட்டியப்பன், வடிவழகியின் காதில் ஏறி ஊஞ்சலாடுவான். அவன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். தினமும் ஐவரையும் வீடியோ எடுத்து, 'எங்கள் கூட்டுக்குடும்பம்' என்று காட்டுக்கே அனுப்புவாள். காடே இதயம் போட்டது. அதைப் பார்த்துப் பூரிக்கிற மும்முரத்தில், பூச்சிகளுக்கு ஈ பிடித்துப் போட மறந்துவிடுவாள்.

ஒருநாள் தொட்டியில் நால்வரே இருந்தார்கள்.

"பூங்கோதை, வீரணன் எங்கேடி?"

"வெளியூர் போயிருக்காருக்கா."

தொட்டியின் மூடி போட்டது போட்டபடியே இருந்தது. ஆனாலும் வடிவழகி நம்பினாள். நம்பாவிட்டால் வீடியோவை நிறுத்த வேண்டிவருமே! அடுத்தடுத்து இன்னும் இருவர் வெளியூர் போனார்கள்.

பிறகு குட்டியப்பனையும் காணோம். தொட்டியின் அடியில் அவனுடைய ஒற்றை இறக்கை மட்டும் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்ததும் வடிவழகி விம்மிவிட்டாள்.

"அடிப்பாவி! உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

பூங்கோதை வாயைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "மனசு வரலக்கா, பசிதான் வந்துச்சு. ஈ வரல."



அந்த நேரம் பார்த்து வாசலில் மேளச்சத்தம். சிறந்த கூட்டுக்குடும்பத்துக்கான விருதோடும் மாலையோடும் காட்டுத் தலைவர் யானையே வந்துவிட்டார். கூடவே பெருங்கூட்டம்.

யானை தொட்டிக்குள் குனிந்து, "வீட்ல சண்டை சச்சரவு உண்டாம்மா?" என்றார்.

"இப்ப இல்லீங்கய்யா" என்றாள் பூங்கோதை.

"தனிக்குடித்தனம்னு யாராச்சும் கிளம்பினாங்களா?"

"தொட்டியை விட்டு ஒருத்தரும் வெளிய போகலீங்க."

"அப்ப மத்தவங்கல்லாம் எங்கே?"

பூங்கோதை வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எல்லாரும் எனக்குள்ளதான் இருக்காங்கய்யா."

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. "அடடா, என்ன பாசம்!"

"ஐயா, அது வந்து..." என்று ராயப்பன் முள் சிலிர்க்க முன்னால் வந்தார். "பொறாமை, குத்த வர்றாரு!" என்று கூட்டம் அவரைப் பின்னால் தள்ளியது. எல்லாச் செல்போனும் வடிவழகி பக்கம் திரும்பின. அவள் இறக்கையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, மாலைக்குக் கழுத்தை நீட்டினாள்.

அந்த வாரமே காட்டில் வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது.

நீதி: ஒரு வீட்டில் சண்டையே இல்லை என்றால், அங்கே பந்தி முடிந்துவிட்டது என்று பொருள்.