கிணற்றில் காரம்

அடையாறு,
22-8-1995

சிரஞ்சீவி அனந்தராமனுக்கு அண்ணா ஸ்ரீனிவாசராகவன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு அனைவரும் க்ஷேமம். கிணறு மட்டும் நலமில்லை.

புதுக் கண்டுபிடிப்புகள் நம் நாட்டில் ஏன் நிலைப்பதில்லை என்று தில்லியில் உன் கமிட்டி ஆராய்வதாகப் பேப்பரில் படித்தேன். எங்கள் குடியிருப்புக்கு வா, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். பங்குனியிலேயே கிணறு உப்புக் கரித்ததால், மொட்டைமாடி மழைநீரைக் குழாயில் இறக்கி, மணலும் ஜல்லியும் போட்ட குழியில் வடிகட்டிக் கிணற்றில் விடத் திட்டம் போட்டேன். மானியம் கேட்டுப் போன ஆராய்ச்சி நிலையத்தில், "இதுல புதுசா ஒண்ணும் இல்லையே சார்" என்றார்கள். பாங்கியில், "இது ரொம்பப் புதுசா இருக்கே சார்" என்றார்கள். நானே ஆள் வைத்து வெட்டினேன்.

போன வியாழக்கிழமை மழை கொட்டியது. அன்றைக்குப் பார்த்து மூன்றாம் மாடி சரோஜாதேவி மொட்டைமாடி முழுக்க மிளகாய் காயவைத்திருந்தாள். மணல் மிளகாயைத் தடுத்தது, காரத்தைத் தடுக்கவில்லை. குளித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்த உன் மன்னி அபயாம்பாள், "கெணத்துல ரசம் வெச்சிருக்கேளா?" என்று கேட்டாள்.

சரோஜாதேவியின் கணவர் மாணிக்கவாசகம் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எங்கள் சங்கச் செயலாளர். "சார், தண்ணி கேட்டோம், கொழம்பா கேட்டோம்? ஞாயித்துக்கெழம குழிய மூடிட்டு ஆழமா போர் போட்ருவோம்" என்றார். ஆழமாகப் போனால் கடல்தான் உள்ளே வரும் என்றேன். "வரும்போது பாத்துக்கலாம் சார்" என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

நான் விடுவதாக இல்லை. முதல் மழையைத் தெருவுக்குத் திருப்ப ஒரு வால்வு பொருத்தியாகிவிட்டது. மூடத்தான் போகிறார்கள் என்றால் குழிக்குள் இறங்கி நிற்பேன். குழி சரியானதே என்று ஒரே வரி, உன் கமிட்டி முத்திரையோடு, ஞாயிற்றுக்கிழமைக்குள் கூரியரில் அனுப்பு. மாணிக்கவாசகம் வாஸ்துக்காரரைக் கூட்டி வரப்போகிறாராம். வரட்டுமே! என் குழி விஞ்ஞானத்தால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கவே வேண்டாம்.

நீரஜாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
ஸ்ரீனிவாசராகவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாஸ்துக்காரர் வந்துவிட்டார். குழியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஈசானிய மூலையில ஜலம்! இதை மூடினா வியாபாரம் படுத்துடும்" என்றார். மாணிக்கவாசகம் அங்கேயே கற்பூரம் ஏற்றினார். மிளகாயை இனி பால்கனியில்தான் காயவைப்பேன் என்று சரோஜாதேவி சத்தியம் செய்தாள். விஞ்ஞானத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. முத்திரை வேண்டாம். உன் கமிட்டியில் இடம் ஏதும் காலி இருந்தால் எழுது, வாஸ்துக்காரர் விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன்.