கணினி சொன்ன சுவர்

அத்தைக்குக் காது போய்விட்டதா, இல்லை வேண்டுமென்றே செய்கிறாரா? சீரியல் நாயகி மூக்கு உறிஞ்சுவதுகூடச் சுவர் தாண்டி வந்து என் மேஜைமேல் விழுகிறதே என்று பொருமினாள் மருமகள்.

சத்தத்தைத் தடுப்பதுதான் அவளுடைய உத்தியோகம். இரும்புச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடிக்கிற சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று, கட்டுவதற்கு முன்பே கணினியில் மாதிரி செய்து சொல்லிவிடுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்துத் தனக்கென்று ஓர் அறை. அதற்கும் அவளே மாதிரி செய்தாள். ஐம்பத்திரண்டு டெசிபல் தடுக்கும் என்றது கணினி.

அலமாரி அடுக்கிய மூன்று நாளும் அமைதிதான். வேலையைத் தொடங்கிய அன்றுதான் டிவி அலற ஆரம்பித்தது.

வாய்விட்டு யோசிப்பது அவள் பழக்கம். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றுவதே இல்லை. இங்கே தனி அறையாயிற்றே, இன்னும் தாராளமாக யோசித்தாள். "கிழவிக்குக் காது அவுட்டு!"

சுவர் அடித்துக் கொடுத்த பார்ட்டிஷன்காரரைக் கூப்பிட்டாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள சத்தத்த உறிஞ்சற பஞ்சு வெக்கலியே மேடம்."

"மாடல்ல வெச்சிருந்தேனே!"

"மாடல்ல வெச்சீங்க. செவுத்துல யாரு வெச்சா?"

பஞ்சு வைத்தார்கள். மறுநாள் பின்னணி இசையும் சேர்ந்து வந்தது.

"மண்டையா, கல்லா அது?" என்று சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பக்கத்துக்கு ஒரு பலகை கூடுதலாக அடிக்கச் சொன்னாள். கணினி ஐம்பத்தெட்டு என்று பூரித்தது. அன்று மாலை வில்லி சிரித்த சிரிப்பில் பேனா ஸ்டாண்டு அதிர்ந்தது.

"அம்மாகிட்ட கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்" என்றான் கணவன்.

"உங்கம்மா. நீங்க சொல்லுங்க."

"சத்தத்துல நீதானே ஸ்பெஷலிஸ்ட்?" என்று நழுவினான்.

மாதிரியைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். அத்தையின் டிவி எழுபது டெசிபல். முதல் நாள் போட்டது, அதில் தப்பிருக்க முடியாது. அந்தப் பக்கம் போய் அளந்து பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தப்பெல்லாம் சுவரில்தான்.

பார்ட்டிஷன்காரர் மூன்றாவது முறை ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு தகட்டை நகர்த்தித் தலையை உள்ளே விட்டார்.

"மேடம், செவுரு இந்த சீலிங் வரைக்கும்தான் வந்திருக்கு. மேல ரெண்டு ரூமுக்கும் ஒரே பொந்து. நீங்க எத்தனை பலகை அடிச்சாலும் சத்தம் மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கிடும்."

அவளுடைய மாதிரியில் சுவர் கான்கிரீட் தளம்வரை கம்பீரமாக நின்றிருந்தது. கோளாறு பிடிபட்டது, இனி அறை தன் கைக்கு வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கியது.

"அடைச்சிடவா?"

"நல்லா அடைச்சிடுப்பா." வாசலில் அத்தை, கையில் ரிமோட்டோடு நின்றிருந்தார். "கிழவி காது அவுட்டு, மண்டை கல்லுன்னு இவ உள்ள உக்காந்து பேசறது அட்சரம் பிசகாம வருது. அது காதுல விழவேண்டாம்னுதான் நாளுக்கு நாள் டிவிய ஏத்தி வெக்கிறேன். இல்லேன்னா அந்தக் கண்றாவிய யாரு பாப்பா?"

பார்ட்டிஷன்காரர் ஏணியிலிருந்தபடியே அவளைப் பார்த்தார்.

"அடைக்க வேணாம். இனிமே மனசுக்குள்ளயே யோசிச்சுக்கறேன்" என்றாள், ரொம்ப மெதுவாக.