கால்வாய்ப் படத்துக்கு அக்கா வைத்த பொட்டு

வெள்ளவத்தை
ஞாயிறு மாலை

அன்புள்ள பாலேஸ்வரி அக்காவுக்கு,

பத்தொன்பது ஓவியங்கள் தொங்கிய மண்டபத்தில் எதைப் பார்த்து அந்த மூன்றை மட்டும் தெரிவு செய்தீர்கள்? இது என் கேள்வி அல்ல, கீழ்வீட்டு ரிஸ்லா இன்று என்னிடம் கேட்டது. எனக்கு விடை தெரியவில்லை. மாடி ஏறி வந்து இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன்.

நீங்கள் ரொறன்ரோ போய்ச் சேர்ந்து, பெட்டி உடையாமல், மிளகாய்த்தூள் சிந்தாமல், அத்தானின் முகம் கோணாமல் சுகமாக இருக்கவேண்டும். நானும் சுகம், உடம்பளவில். இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அரை மணித்தியாலத்தில் குடும்பக் குழுவில் முப்பத்தாறு பேருக்குப் போய்விடும் என்பதால் தபாலில் வருகிறது.

நேற்று நீங்கள் விமானம் ஏறமுதல் உங்களைப் பம்பலப்பிட்டியில் ரிஸ்லாவின் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது என் பிழைதான். ரிஸ்லா என்னோடு கம்பஸில் படித்தவள், பெண்கள் பாடசாலையில் விலங்கியல் படிப்பித்தவள், முன்கூட்டியே ஓய்வெடுத்துத் தூரிகையைப் பிடித்தவள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இந்தக் கண்காட்சியில் அவளுடைய அறையும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவள் கணவர் புவாத்துக்குக் கொட்டாஞ்சேனையில் குழாய்க் கடை. வீட்டின் மூன்றாவது அறையில் அவள் படம் கீறுகிறாள், அவருக்கோ அந்த அறையில் குழாய் அடுக்கவேண்டும். சொந்தக்காரர் அல்லாதவர்கள் மூன்று படமாவது வாங்கினால் அறை உனக்கு, இல்லாவிட்டால் குழாய்க்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் அல்ல, காத்திருக்கத் தெரியாதவர். கண்காட்சி தொடங்க முன்னமே பாதி அறையில் குழாய் வந்துவிட்டது.

இயற்கையைத் தழுவிய அரூப ஓவியங்கள் என்று வாசலில் எழுதியிருந்தது. எனக்கு அரூபம் பிடிபடுவதில்லை. 'மழைக்கு முன் கால்வாய்' என்ற படத்தில் மழையும் இல்லை, கால்வாயும் இல்லை, நாற்பது தரம் தோய்த்த சேலையின் பச்சை மட்டும் இருந்தது. 'கடல் 4' என்றால் மற்ற மூன்று கடலும் எங்கே என்று நீங்கள் உரத்துக் கேட்டீர்கள். 'முகத்துவாரம், காலை ஆறு மணி'யைப் பார்த்து, பால் பொங்கி அடுப்பில் ஊற்றுப்பட்ட மாதிரி இருக்கிறது, ஆனாலும் நல்ல சகுனம் என்றீர்கள். பக்கத்தில் ரிஸ்லா நின்றாள். நான் வெட்கத்தில் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு படம் இருந்தது.

நீங்கள் அடுத்துச் செய்ததை ஓட்டோவில் வரும்போது நீங்களே சொன்னீர்கள். "பாவம் அந்தப் பிள்ளை, எங்கட முறையைப் பாத்துப் படத்துக்குப் பொட்டு வச்சிருக்கு, ஆனா ரெண்டு படத்தோட பொட்டு முடிஞ்சுபோச்சு. மிச்சமெல்லாம் வெறும் நெத்தியாக் கிடக்கு. என்னட்டை மூண்டு கிடந்தது, ஒட்டிவிட்டனான்." உங்கள் பெட்டியின் நிறையை யோசித்துக்கொண்டிருந்த நான் ஓம் ஓம் என்றேன். அக்கா, கண்காட்சியில் படத்துக்குக் கீழே சிவப்பு வட்டம் ஒட்டினால் அது விற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். முதல் இரண்டும் ரிஸ்லாவின் தம்பி வாங்கியவை, கணக்கில் சேராதவை. நீங்கள் ஒட்டியது மூன்று. சரியாக மூன்று.

இன்று கடைசி நாள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பேர்ணடெற், கொப்பியில் வாங்கியவரின் பெயர் இல்லையே என்று முதலில் குழம்பி, பொட்டின் நடுவில் கல் மினுங்குவதைக் கண்டு, இது வெளிநாட்டு முறையாக்கும், கனடா அக்காதான் எடுத்திருக்கிறா என்று முடிவுகட்டி, கால்வாய்ப் படத்தைக் கேட்டு வந்த ஒரு ஹோட்டல்காரரையும் விற்றுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டாள். புவாத் சொன்ன சொல் மாறாதவர். மத்தியானமே லொறி பிடித்துக் குழாய்களை ஏற்றத் தொடங்கிவிட்டார். மாடிப்படியில் என்னைக் கண்டு, உங்கள் அக்காவுக்கு ரசனை இருக்கிறது என்று வேறு சொன்னார். அந்த அமளிக்கு நடுவில்தான் ரிஸ்லா கேட்டாள், "ஒங்கட அக்கா என்னத்தப் பாத்து அந்த மூணையும் எடுத்தாங்க?"

நான் புள்ளிவிபரம் படித்தவள். இல்லாததை இருக்கிறது என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. நாளைக்கு அரைநாள் லீவு போட்டு, கீழே போய், உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறேன். அறை போகும், ரிஸ்லா என்னோடு கதைக்காமலும் விடலாம், ஆனாலும் வேறு வழியில்லை. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். இனிமேல் பொட்டு மிஞ்சினால் எல்லாரையும்போலக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள்.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் செல்ல மகன் கார்த்திகன் எழுதும் சோதனை நல்லபடி முடியட்டும். உங்கள் முழங்காலைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார், நீங்கள் பனியில் நடக்காவிட்டால்.

தங்கை
நளாயினி

பி.கு. (திங்கள் மாலை): கடிதத்தை ஒட்டமுதல் கீழே போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரிஸ்லா எழும்பிக் கதவைச் சாத்தினாள். "இருபத்திரெண்டு வருஷம் பொம்புளப் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தீக்கேன். எனக்குப் பொட்டுத் தெரியாதா? அண்டைக்கே கண்டேன்." பிறகு எதற்கு அந்தக் கேள்வி என்றேன். பத்தொன்பதில் தனக்கும் பிடித்தவை அந்த மூன்றும்தானாம், அதனால் உண்மையாகவே அறிய விரும்பினாளாம். புவாத்துக்கு என்ன சொல்வது என்றேன். "அவருக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது."

வாங்கிய படங்கள் அவள் வீட்டில் நிற்கக்கூடாது என்று மூன்றையும் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றி என் வீட்டுக்கு ஏற்றினோம். தூக்கித் தந்தவர் புவாத். கடலும் முகத்துவாரமும் கட்டிலுக்குப் பின்னால் நிற்கின்றன. கால்வாயை மட்டும் கலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினேன், சும்மா. எதிரே இருந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினேன், அது கையிலேயே ஆறிவிட்டது. பிறகு காசோலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். திரும்பி ஏறி வரும்போது பேர்ணடெற் அழைத்தாள். ஹோட்டல்காரர் மறுபடியும் கேட்கிறாராம், கனடா அக்கா கால்வாயை விட்டுக்கொடுப்பாவா என்று.

அக்கா ஒருநாளும் கொடுக்கமாட்டா என்று சொல்லி வைத்துவிட்டேன்.