அண்ணாச்சியைத் தெரியாது என்ற போன்

தென்காசியில் காகிதத்தை வெறுத்த ஒரே பத்திரிகைக்காரர் 'பேப்பர்லெஸ்' அண்ணாச்சிதான். நான் நிருபராக இருந்த நாளிதழில் அவர் விளம்பரப் பிரிவு. எங்கள் பத்திரிகையையே போனில்தான் படிப்பார். ஆதார், லைசென்ஸ் எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டு அசலைப் பரணில் போட்டார். கரையான் தின்றபோது, "வேலை மிச்சம்லே" என்றார்.

போனைத் திறக்க முகம், இல்லையென்றால் விரல். ரகசிய எண்ணை எப்போதோ மறந்துவிட்டார். "மூஞ்சி எங்கலே போயிரப் போவுது?"

எனக்கும் செல்விக்கும் கல்யாணம். இரு வீட்டாருக்கும் சம்மதமில்லை. பதிவு அலுவலகத்தில் மூன்று சாட்சிகள் வேண்டும்; இருவர் வந்தாயிற்று, மூன்றாவது சாட்சி அண்ணாச்சி. செல்வியின் அண்ணன்மார் கடையத்திலிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்த நேரத்தில் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கியவரை எங்களுக்கே தெரியவில்லை. மொட்டை. மீசையும் இல்லை. தலை நிறையச் சந்தனம்.

சாட்சிக்கான ஆதாரைக் காட்ட அண்ணாச்சி போனை எடுத்தார். போன் முகத்தைப் பார்த்தது, மறுத்தது. விரலை வைத்தார். பண்பொழி முருகன் கோயிலில் மொட்டை போட்ட கையோடு, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் ஆசைதீர நின்றிருக்கிறார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. போன் அதையும் மறுத்தது. அவர் ஆதாரை என் போனில் திறக்கலாமென்றால், அதற்கான ஓடிபி பூட்டிக்கிடந்த அவர் போனுக்குப் போய் மணியடித்தது.

அவரோடு தினமும் டீ குடிக்கும் கிளார்க் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்கதான் நீங்கன்னு ஒரு அத்தாட்சி வேணும்லா?"

"தெரியும்னு சொல்லுதீரு, பொறவு என்னத்துக்குக் கேக்கீரு?"

"இன்னைக்குத்தானா மொட்டை போடணும்?"

"இவன் கல்யாணம் தடங்கலில்லாம முடிஞ்சா போடுதேன்னு வேண்டியிருந்தேன். எப்படியும் முடியத்தானே போவுதுன்னு காலையிலயே போட்டுட்டேன்."

"இப்ப தடங்கலே நீங்கதான்!"

செல்வி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர் ஆட்டோக்காரர். கையில் அண்ணாச்சி மறந்துவிட்ட ஈரத் துண்டு.

"அண்ணே, உங்ககிட்ட ஆதார் இருக்கா?" என்றாள் செல்வி.

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்தார்.

"இவங்க ரெண்டு பேரையும் உமக்குத் தெரியுமா?" என்றார் கிளார்க்.

"தெரியாம? வழி நெடுக இவங்க கதையத்தானே சொல்லிட்டு வந்தாரு!"

கையெழுத்துப் போட்டார். அண்ணன்மார் வந்து சேர்ந்தபோது முத்திரை மை காய்ந்திருந்தது.

முடி வளர்ந்ததும் போன் அண்ணாச்சியை ஏற்றுக்கொண்டது. இன்றும் அவர் காகிதம் தொடுவதில்லை. சட்டைப் பையில் மட்டும் நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் இருக்கும்: அவர் பெயரே இல்லாத எங்கள் திருமணச் சான்றிதழ்.