அழகப்பன் வீட்டு வெந்நீர்

"இன்னொரு தடவை குளிக்க மாட்டேன் பா," என்றான் ஜெய், தலையைத் துவட்டிக்கொண்டே. "விரலெல்லாம் சுருங்கிப் போச்சு லா."

அழகப்பன் மகனை முறைத்தார். கூரை ஓட்டோடு ஓடாக அவர் பதித்திருந்த தகடுகள் வெயிலை வாங்கி வெந்நீரும் தரும், வீட்டுக்குக் குளிர்ந்த காற்றும் தரும். ஒரே ஒரு சிக்கல். வீட்டுச் சூடு அந்த வெந்நீர்த் தொட்டிக்குத்தான் போயாக வேண்டும். தொட்டி கொதித்து நின்றால் கருவியும் நின்றுவிடும். யாராவது வெந்நீரைச் செலவழித்தால்தான் மறுபடி ஓடும். சிங்கப்பூரில், பட்டப்பகலில், வெந்நீரில் குளிக்க ஆள் பிடிப்பது சுலபமா?

இன்று குளிர்ந்தே ஆகவேண்டும். லிட்டில் இந்தியாவின் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இங்கேதான் கூடுகிறார்கள். 'பசுமையே என் மூச்சு' என்று உரை தயார். பழைய ஏர்கானைக் கழற்றித் தூக்கிப்போட்டாயிற்று. போட்டியாளர் பக்கத்து வீட்டு சுவிசேஷமுத்து. இரண்டு வீட்டுக்கும் சுவரும் பொது, கூரையும் பொது. அவரிடம் உரையும் இல்லை, மூச்சைப் பற்றிய கருத்தும் இல்லை.

மனைவி சிவகாமசுந்தரி குளித்துவிட்டு வந்தாள்.

"வெளிய வந்ததுமே வேர்க்குதுங்க. மறுபடி குளிக்கணும் போல இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். போய்க் குளி."

அவள் பார்த்த பார்வையில் அழகப்பன் சமையலறைக்கு நழுவி, அங்கிருந்த வெந்நீர்க் குழாயையும் திறந்துவிட்டார். ஆவி கூடத்துக்கு வந்தது. ஜன்னலைத் திறந்தார், தெருச் சூடு வந்தது. மூடினார், சுவர்க் கடிகாரக் கண்ணாடி வியர்த்தது.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் வந்த அப்துல் கையூமிடம், ஒரு குளியல் போடுகிறீர்களா என்று விசாரித்தார். அவர் திரும்பி நின்று தன் சட்டையை மோந்து பார்த்தார். அதன் பிறகு அழகப்பன் பக்கத்தில் அவர் உட்காரவில்லை.

உரை தொடங்கியது. 'மூச்சு' வருவதற்குள் முன்வரிசையில் இருந்த கமலத்துக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கையூமுக்குப் போன் வந்தது. இன்னொருவர் கார் பார்க்கிங்கைப் பார்க்கப் போனார். போனவர்கள் திரும்பவில்லை.

அழகப்பன் காகிதத்தை மனைவி கையில் திணித்தார். "மிச்சத்தை நீ படி. நானே குளிச்சுட்டு வர்றேன்." உள்ளே ஓடி, தொட்டியில் இருந்த சூட்டையெல்லாம் தன் தலையில் கொட்டிக்கொண்டார். வேட்டியும் ஈரத் தலையுமாக, வெந்த கிழங்கு நிறத்தில் அவர் வெளியே வந்தபோது கூடம் காலி. சிவகாமசுந்தரி உரையை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

வாசலில் மணி அடித்தது. சுவிசேஷமுத்துவின் மனைவி ரூபி, தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் எங்க வீட்லதான் இருக்காங்க. உங்க பாத்ரூம்ல தண்ணி ஓடுனாத்தான் எங்க ஹாலுக்கு ஜில்லுனு காத்து வருது. இப்ப நின்னுடுச்சு. ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் நீங்க இன்னொரு தடவை குளிக்க முடியுமான்னு அவர் கேட்டு வரச் சொன்னாரு."